மல்லாரி படைநடை இசையா?



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவிற் பேசிய பெரியவர் ஒருவர், நம் முன்னோர் சோழர் படையின் முன்னணியில் நாகசுரமும் தவிலும் முழக்கிச் சென்றனர் என்றும், களம் நோக்கி நடந்த வீரரின் காலடிக்கேற்ப அவ்வப்பொழுது கற்பனையாற் புனைந்து வாசித்த படைநடை இசையே பிற்காலத்து மல்லாரி எனப் பெயர் பெற்றுக் கோயிலிற் புகுந்தது என்றும் உரைத்தார். அவை கைதட்டி மகிழ்ந்தது. சங்கத்தார் தொகுத்துவரும் மரபு வரலாற்று நூலின் முதற்பக்கத்திலேயே அச்செய்தி இடம்பெறல் வேண்டும் என்ற தீர்மானமும் அன்றே நிறைவேறிற்று. யானும் அவ்வவையில் இருந்தேன். நீரும் கைதட்டினீரோ என்று வினவின், தட்டினேன் என்றே விடை கூறல் வேண்டும்.

விழா முடிந்து வடவொத்தவாடைத் தெரு வழியே யான் வீடு திரும்புங்கால் என் மாணவன் ஒருவன் உடன் வந்தான். அவன் தந்தையார் நாகசுரம் வாசிப்பவர். சிறிது தூரம் பேசாது நடந்த அப்பிள்ளை, "ஐயா, பெரியவர் சொன்ன செய்தி எந்த நூலில் இருக்கிறது? கல்வெட்டில் உண்டா? தேர்வில் எழுதினால் மதிப்பெண் கொடுப்பார்களா?" என்று மூன்று கேள்விகளை அடுக்கினான். நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறி அவனை அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனின், அச்செய்தி எந்த நூலில் உள்ளது என்பதை அறிந்தவன் யான். அது யான் எழுதியதொரு நாடகத்தில் உள்ளது.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், யான் ஆசிரியத் தொழிலிற் புதிதாகப் புகுந்திருந்த காலத்தில், பள்ளி ஆண்டு விழாவுக்கென்று இராசேந்திர சோழன் கங்கை கொண்ட கதையைச் சிறு நாடகமாக எழுதினேன். படை மேடையேறும் காட்சிக்கு இசை வேண்டியிருந்தது. நாகசுரம் பயிலும் பிள்ளைகள் இருவர் வகுப்பில் இருந்தனர். அவர்கள் நன்றாக வாசிக்கத் தெரிந்தது மல்லாரி ஒன்றே. ஆகவே, சோழர் சேனை மல்லாரி முழங்க நடந்தது என்று கட்டியங்காரன் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்தேன். காட்சி சிறந்தது. அவ்வாக்கியம் மறு ஆண்டு ஒரு மலரில் அச்சேறிற்று. பின்னர்த் திருமண வாழ்த்துரைகளில் ஏறிற்று. இப்பொழுது பாட்டனார் சொன்ன செய்தியாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. யான் நட்ட கன்று மரமாகி என் வீட்டு வாயிலையே மறைத்து நிற்கக் கண்டேன். நூல் அச்சிற்குச் செல்லுமுன் உண்மையை உரைத்தல் என் கடமையாதலின் இக்கட்டுரையை எழுதலானேன்.

பண்டைப் போர்ப்பறை

பண்டைத் தமிழ்ப் படைக்கு இசை இல்லை என்பது என் கருத்தன்று. முரசு இன்றி அரசு இல்லை என்னும்படி வாழ்ந்த நாடு இது. வீரமுரசு, கொடைமுரசு, மணமுரசு என மூன்று முரசுகளை அரசர்க்குரியனவாக நம் நூல்கள் கூறும். இரண்டு ஏறுகளைத் தம்முள் பொரவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாது முரசுக்குப் போர்த்த செய்தியைப் புறநானூற்றிற் காண்கிறோம். பகைவனது காவல் மரமாகிய கடம்பினை வெட்டி அம்மரத்தாலேயே முரசு செய்துகொண்டான் சேரலாதன் என்பது சங்கப் புலவர் பலரும் பாராட்டிய செய்தி. முரசு நீராட்டப்பெறும்; மாலை சூட்டப்பெறும்; பலி பெறும்; தனக்கெனக் கட்டில் உடையது. நீராடச் சென்றிருந்த முரசின் கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனாரை வாளால் வெட்டாது, கவரி கொண்டு வீசி நின்ற தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் கதையை நம் பிள்ளைகள் யாவரும் பாடப்புத்தகத்திற் படித்திருப்பர்.

பிற்காலச் சோழர் போருக்குச் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி சான்று. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1110ஆம் ஆண்டையொட்டி, கருணாகரத் தொண்டைமான் தலைமையிற் கலிங்கம் நோக்கி எழுந்த சேனையைப் பாடும்பொழுது, வளையும் முரசும் வயிரும் ஒருங்கே ஒலித்தமையைப் புலவர் கூறுகின்றார். வளையாவது சங்கு, வயிராவது கொம்பு. இக்கருவிகளின் தொழிலை எண்ணிப் பார்மின். சங்கும் கொம்பும் நெடுந்தொலைவு கேட்கும் ஓசையுடையன. படையைக் கூட்டவும், ஏவலை அறிவிக்கவும், பகைவர் நெஞ்சை நடுக்கவும் அவை பயன்பட்டன. இராகம் ஆளத்தி செய்வதற்கு அவை உரியன அல்ல. நாகசுரம் என்னும் பெயரோ சங்க நூல்களிலும் இல்லை, சிலப்பதிகாரத்திலும் இல்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளோடு குடியேற்றிய இசைவாணரைக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டில் வங்கியமும், உடுக்கையும், வீணையும், கொட்டிமத்தளமும், முத்திரைச் சங்கும் வருகின்றன. அங்கேயும் நாகசுரம் என்ற பெயரைக் காணோம். அங்ஙனமிருக்க, இராசராசன் மைந்தனது சேனையின் முன் நாகசுரத்தை நடக்கவிட்ட என் நாடகத்தின் துணிவை என்னென்பது!

ஆயினும் பெரியவர் கூற்றில் ஒரு பாதி மெய் உண்டு. அப்பாதி நாம் போற்றத்தக்கது. அரசன் வாழும் இல்லத்தையும் இறைவன் வாழும் இல்லத்தையும் தமிழர் கோயில் என்னும் ஒரே சொல்லாற் குறித்தனர். குடை, கவரி, கொடி, யானை, பள்ளியெழுச்சி, திருவுலா ஆகிய அரச வரிசைகள் அனைத்தும் இறைவனுக்கும் உரியவாயின. அவற்றோடு முழவும் வந்தது. சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்கு நல்லார் முழவு வகைகளைப் பகுத்துரைக்குமிடத்து முரசு, நிசாளம், துடுமை, திமிலை என்னும் நான்கினை வீரமுழவு என்கின்றார். அத்திமிலையின் பெயர் தாங்கிய கருவி இன்று மலையாள நாட்டுக் கோயில்களிற் பஞ்சவாத்தியத்துள் முழங்குகிறது. மணிமேகலையின் முதற்காதையில் இந்திரவிழாவினை ஊரறியச் செய்யும் முதுகுடியாளன், வச்சிரக் கோட்டத்து முரசினை யானையின் பிடரில் ஏற்றி அறைகின்றான். போரை அறிவிக்கும் வகைக் கருவியே விழாவையும் அறிவித்தது. எனவே, போர்ப்பறையின் உறவு கோயிற் பறைக்கு உண்டு என்பது பொருந்தும். அவ்வுறவினை மல்லாரியின் மேல் ஏற்றி, இதுவே அது என்பதுதான் பொருந்தாது.

மல்லாரியின் இயல்பு

கருவியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இதனைப் படிக்கக்கூடுமாதலின், மல்லாரி இன்னதென்பதைச் சிறிது விளக்குவாம். சுவாமி புறப்பாட்டின்பொழுது பெரிய மேளத்தார் முதற்கண் வாசிப்பது மல்லாரி. தவில் முந்துற முழங்கும். அதற்கு அலாரிப்பு என்று பெயர். அதன்பின் நாகசுரம் மல்லாரியைத் தொடங்கும். இராகம் பெரும்பாலும் கம்பீர நாட்டை. சட்சமம், காந்தாரம், மத்திமம், பஞ்சமம், நிடாதம் என்னும் ஐந்தே சுரங்கள். ரிடபமும் தைவதமும் இல்லை. ஆகவே அவ்விசை வளைந்து குழையாது, படி ஏறுவதுபோல் நிமிர்ந்து செல்லும். பெயருக்கேற்பக் கம்பீரம் உடையது. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. தத்தகாரச் சொற்களாலேயே குரு சீடனுக்குப் பாடம் சொல்வார். திருமஞ்சன நீர் வருகையில் தீர்த்த மல்லாரி, நிவேதனம் வருகையில் தளிகை மல்லாரி, தேர் நிலையினின்று பெயர்கையில் தேர் மல்லாரி என, செயலுக்குத் தக்க வகைகள் உள. சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி என்ற பாகுபாடும் உண்டு.

இவ்விசையின் வீறு கேட்பவர் உள்ளத்தே போர்க்களத்தை எழுப்புமென்பது மெய். யானும் அவ்வீற்றுக்கு மயங்கியே என் நாடகத்திற் சேர்த்தேன். ஆயின் வீறுடையதெல்லாம் போருக்குரியது என்பது முறையான அளவை அன்று. அருணகிரிநாதர் நம் ஊரிற் பிறந்த பெருமான். அவர் திருப்புகழிற் சூரனோடு முருகன் பொருத களத்துப் பறையோசைகளைத் தாளக்கட்டாகவே அமைத்துப் பாடியுள்ளார். அது கேட்டு, அருணகிரியார் படைக்குப் பாடினார் என்று எவரேனும் கூறுவரோ?

மறுநாள் அம்மாணவனின் தந்தையாரை அவர் இல்லத்திலேயே கண்டு, நடந்ததனைத்தையும் ஒளியாது கூறினேன். அவர் சீவாளியை நீரில் நனைத்துக்கொண்டே கேட்டிருந்தார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பேச்சைக் கேட்டபோதே எனக்கு ஐயம். மல்லாரியை ஒரு காலத்தில் வாசித்து, அடுத்து இரண்டாங் காலம், மூன்றாங் காலம் வாசிக்கிறோம். நடுவே திசிரமும் போடுகிறோம். அதுவரையில் சுவாமி நின்ற இடத்திலேயே நிற்கிறார். சீபாதம் தாங்குகிறவர்கள் தண்டைத் தோளில் வைத்தபடி நிற்கிறார்கள். பகைவனைப் பார்த்துப் போகிற படை அப்படி நிற்குமா? மூன்று காலத்துக்கும் கால் மாற்றி மாற்றி நடக்குமா?" என்றார்.

யான் புறநானூற்றிலும் கல்வெட்டிலும் தேடியதற்கு அவர் தம் மூச்சிலிருந்தே விடை கூறிவிட்டார். இதனினும் சிறந்த சான்று வேறில்லை என்பது என் துணிபு. படைநடை இசையின் முதல் இலக்கணம் மாறாமை. ஆயிரம் கால்கள் ஓரடியாக விழவேண்டுமாயின் இசை ஒரே காலத்தில் நிற்றல் வேண்டும். கற்பனைக்கு அங்கே இடமில்லை. வாசிப்பவன் தன் மனோதர்மத்தால் ஓரிடத்தே நீட்டுவானாயின் பின்வரும் அணி ஒன்றின்மேல் ஒன்று மோதும். சுவாமி புறப்பாடோ அதற்கு நேர்மாறானது. மல்லாரி பாடமானது, கட்டுடையது. வாயில் கடக்கும் வரையில் அக்கட்டு நிற்கும். மாட வீதியை அடைந்தபின் இராக ஆளத்தி தொடங்கும். அதன்பின் கட்டவிழ்ந்து, வாசிப்பவரின் கற்பனை எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரம் செல்லும். ஒரு தாள வட்டத்துள்ளேயே நின்று விரித்து விரித்து வாசிக்கும் இரத்தி என்னும் உருப்படியும் நாகசுரத்தார்க்கே உரிய செல்வம். இசைக்காக இறைவன் நிற்பான். இறைவனுக்காக இசை நீளும். படையிற் காலுக்கு இசை அடிமை. பவனியில் இசைக்குக் கால் அடிமை. இவ்வேற்றுமையை மறைத்து, நம் முன்னோரைப் படைக்கு நடை சொன்னவராக்குதல் அவர்களை உயர்த்துவதாகுமா, தாழ்த்துவதாகுமா என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்க.

கோட்டையிலிருந்து வந்த நோட்டு

இனி, படைநடை இசை எதுவும் நம் இசையிற் புகவே இல்லையா எனின், புகுந்தது. அது சோழர் படையினின்று வந்ததன்று. சென்னைக் கோட்டையில் இருந்த கும்பினிப் படையினின்று வந்தது.

ஓரடியாக நடக்கும் பயிற்சி ஐரோப்பியப் படைகளில் 17, 18ஆம் நூற்றாண்டுகளிலேயே நன்கு நிலைபெற்றது. சிறு பறையும் சிறு குழலும் அதற்குத் துணை. நம் திருவண்ணாமலையும் அந்நூற்றாண்டின் போர்களுக்குத் தப்பவில்லை. 1767 செப்டம்பர்த் திங்களில் முதலிற் செங்கத்திலும் பின்னர் இவ்வூரிலும், கர்னல் ஸ்மித் என்பவன் தலைமையில் வந்த கும்பினிப் படை, ஐதர் அலியும் நிசாமும் சேர்ந்து நடத்திய படையோடு பொருதது. நம் மலையடிவாரத்தில் உண்மையாகவே நடந்துசென்ற படைகளுள் அவையும் சில.

அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1775ஆம் ஆண்டையொட்டித் திருவாரூரிற் பிறந்தார் முத்துசுவாமி தீட்சிதர். இளமையில் அவர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில், கும்பினியாரிடம் துபாசியாக இருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. அக்காலத்தே கோட்டையில் வாசிக்கப்பட்ட பாண்டு வாத்தியத்தைத் தீட்சிதர் கேட்டார் என்பர். கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். சங்கராபரணத்தில் அமைந்த அவ்வுருப்படிகள் நோட்டுச் சுரம் என்று பெயர் பெற்றன. ஏறத்தாழ நாற்பது கிடைத்துள்ளன. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டு "ஸந்ததம் பாஹிமாம்" என்று தேவி துதியாக மாறிற்று. பின்னாளில் நம் ஊர்த் தேயுலிங்கத்தின்மேல் சாரங்க இராகத்தில் "அருணாசலநாதம்" பாடியவரும் இவரே. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னரும் (1798–1832) தம் அரண்மனையில் மேனாட்டுப் பாண்டு ஒன்றனை அமைத்திருந்தார். அதன் இசைக் குறிப்புகள் சரசுவதி மகாலிற் காக்கப்படுகின்றன.

அன்று தொடங்கிய வழக்கம் நாளடைவில் நாகசுரத்தாரிடமும் வந்தது. திருமண ஊர்வலத்திலும் கச்சேரியின் இறுதியிலும் குழந்தைகள் விரும்பிக் கேட்கும் நோட்டு அதுவே. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பிய ஆங்கில நோட்டும் அம்மரபினதே. ஆகவே, படைநடை மெட்டினை நம் முன்னோர் வாசித்தனரா என்ற வினாவுக்கு, ஆம், வாசித்தனர் என்று நிமிர்ந்து விடை கூறலாம். அயலார் படையின் மெட்டினைத் தம் கருவிக்கு இசைய வளைத்துக்கொண்டு, அதனாற் கலியாணப் பந்தலிற் குழந்தைகளைச் சிரிக்க வைத்தனர். படையை விழாவாக்கிய இத்திறம், இல்லாத சோழ சேனையின் பெருமையினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பிற நாட்டுச் செய்தி

இவ்வகைப் புனைவு நமக்கே உரிய குற்றமென்று நாணவேண்டுவதில்லை. 1983ஆம் ஆண்டில் எரிக் ஆப்ஸ்பாம், டெரன்ஸ் ரேஞ்சர் என்னும் வரலாற்றறிஞர் இருவர், புனைந்துகொள்ளப்பட்ட மரபுகளைப் பற்றி ஒரு தொகை நூல் வெளியிட்டனர். தொன்றுதொட்டு வருவன என்று மக்கள் நம்பும் வழக்கங்கள் பல அண்மையில் அமைக்கப்பட்டவை என்பது அந்நூலின் கருத்து. ஸ்காத்லாந்து மலைநாட்டார் குலத்துக்கொரு கட்டம் போட்ட ஆடை அணிந்து பைக்குழல் ஊதி நடப்பதைப் படங்களிற் கண்டிருப்பீர்கள். அக்குலத்துக்கொரு கட்டம் என்னும் முறை பெரிதும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில், படைப்பிரிவுகளின் உடையையும் துணி வாணிகரின் முயற்சியையும் ஒட்டி அமைந்தது.

துருக்கி நாட்டுச் செய்தி நமக்கு இன்னும் நெருங்கியது. உதுமானியச் சுல்தான்களின் படைக்கு மெக்தர் என்னும் வாத்திய அணி இருந்தது. அதில் சூர்னா என்னும் இரட்டை நாக்குக் குழலும், தாவுல் என்னும் பெருமுழவும் முதன்மையானவை. நம் நாகசுரமும் வடநாட்டுச் செனாயும் அக்குழலின் இனத்தைச் சேர்ந்தவை. தாவுல் என்ற பெயர் தவிலை நினைவூட்டும். எனினும் பெயரொப்புமை ஒன்றே கொண்டு உறவு நாட்டல் ஆகாது. 1826ஆம் ஆண்டில் சுல்தான் இரண்டாம் மகமூது பழைய படைப்பிரிவைக் கலைத்தபோது மெக்தரும் ஒழிந்தது. மேனாட்டுப் பாண்டு அதனிடத்தைப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் அதனை அமைத்தனர். இன்று இஸ்தான்புல் நகரில் அதனைக் காண்போர் இடையறாது வந்த பழமை என்றே எண்ணித் திரும்புகின்றனர்.

மீண்டும் அமைத்தல் தவறன்று. அமைத்ததை அமைத்ததென்று சொல்லாமை தவறு. இது துருக்கியர்க்கும் பொருந்தும். என் நாடகத்துக்கும் பொருந்தும்.

நூலில் எழுதத்தக்கது

படையை எடுத்துவிட்டால் நம் மரபு நூலின் முதற்பக்கம் வெறுமையாகிவிடும் என்று சில இளைஞர் என்னிடம் வருந்தினர். அவ்வருத்தத்தின் காரணத்தை யான் அறிவேன். மேளக்காரன் என்ற சொல்லை இகழ்ச்சியாகக் கேட்டு வளர்ந்தவர் நம்முட் பலர். திண்ணைக்குக் கீழே நின்று வாசிக்கவும், தோளில் துண்டு அணியாது நிற்கவும் நம் பெரியோர் ஏவப்பட்ட காலமும் இருந்தது. அந்த இகழ்ச்சிக்கு மாற்றாக வாளும் வேலும் தேடுகிறோம். ஆயின், வாள் ஏந்தியவன் மகன் என்று சொன்னாலன்றி நமக்கு மதிப்பில்லை என்று நாமே ஒப்புக்கொள்வோமாயின், இகழ்ந்தவன் கூற்றை நாமும் வழிமொழிந்தவராவோம். குழலேந்திய கை எதனாற் குறைந்தது?

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தம் முன்னோர் படைத்தலைவர் என்று சொல்லி மதிப்புப் பெறவில்லை. தோடியை வாசித்துப் பெற்றார். நின்றும் நடந்தும் வாசித்த கருவிக்கு மேடையும் இருக்கையும் வேண்டுமென்று வற்புறுத்தி வாங்கித் தந்தார். அவர் பொருட்டுப் பாரி நாயனத்தைத் திருத்தமாகக் கடைந்தளித்த நரசிங்கம்பேட்டைக் கைவினையாளரின் ஊருக்கு 2022ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்த உளிக்குக் கிடைத்த சிறப்பு அது.

ஆதலின் சங்கத்தாரை யான் வேண்டுவது இது. முதற்பக்கத்தில் அவ்வாக்கியத்தை நீக்கிவிடுக. அவ்விடத்தே நம் வீடுகளில் உள்ளதை எழுதுக. எந்தக் குடும்பத்தார் எந்தக் கோயிலில் எந்த மல்லாரியை எவ்விடத்தே வாசித்தனர். கொடியேற்றத்திற்கு எது, தேர் வடம் பிடிக்கையில் எது, சுவாமி கோபுரம் கடக்கையில் எது, திரும்புகையில் எது. எந்தப் பாடம் எந்தக் குருவிடமிருந்து வந்தது. இவற்றை முதியோர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதி, வாசிக்கச் செய்து ஒலிப்பதிவும் செய்க. நம் ஊரில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. அங்கே சேரும் பிள்ளைகளுக்கு இத்தொகுப்பு பாடமாகவும் உதவும். போர்க்கதை ஒருநாட் கைதட்டலுக்கு ஆகும். இது பேரன் கைக்கு எட்டும்.

இசையின்றித் திரும்பும் நாள்

படையும் இசையும் சேர்ந்ததொரு மெய்யான செய்தி நம் ஊருக்கு வேண்டுமென்பார்க்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு வாழ்ந்தவன். நம் கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயரால் விளங்குகிறது. மதுரைச் சுல்தானோடு பொருது 1342-43இல் அவன் பிடியுண்டு கொலையுண்டான். அக்கொடுமையை இபுனு பதூதா என்னும் மொராக்கோ நாட்டு யாத்திரிகன் எழுதி வைத்திருக்கிறான். பிள்ளையில்லாத அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது தலக்கதை. மாசி மகத்தன்று இறைவன் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளித் திதி கொடுப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

அதற்கு முன், தைப்பூசத்தன்று ஈசானிய குளத்தில் தீர்த்தவாரி நடக்கும். மேளம் முழங்கச் சுவாமி செல்வார். தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வேளையில், வல்லாள மகாராசன் போரில் மாண்டான் என்ற செய்தி அறிவிக்கப்படும். அவ்வளவில் மேளதாளம் நின்றுவிடும். அண்ணாமலையார் இசையின்றிக் கோயில் திரும்புவார்.

இவ்வாண்டுத் தைப்பூசத்தில் அம்மாணவனை உடனழைத்துச் சென்றேன். அவன் தந்தையார் நாகசுரத்தை உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவாமிக்கு முன்னே மற்றையோரோடு பேசாது நடந்தார். சீபாதம் தாங்குவோரின் காலடி மட்டும் கேட்டது. ஒரு படையின் தோல்வியை இத்தனை நூற்றாண்டுகளாகத் தவறாது நினைவில் வைத்திருக்கும் ஊரில், நடவாததொன்றை நாம் புனைந்து சேர்க்க வேண்டுமோ என்று எண்ணினேன். அப்பிள்ளை என் முகத்தை நோக்கி, "ஐயா, இதைத் தேர்வில் எழுதலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

எழுதலாம் என்றேன்.